முன்னறிவும் மனிதனின் தன்விருப்பமும்: ஆறு விடைகளில் எதைப் பற்றிக்கொள்வது?

"சேவல் கூவுமுன் நீ என்னை மூன்று முறை மறுதலிப்பாய்" என்று இயேசு பேதுருவிடம் சொல்லிவிட்டார். சில மணி நேரத்தில், பிரதான ஆசாரியனின் முற்றத்தில், குளிருக்காக மூட்டிய நெருப்பின் அருகே ஒரு வேலைக்காரப் பெண் பேதுருவை உற்றுப் பார்த்துக் கேட்கிறாள். அவர் தெரியாது என்கிறார். இன்னும் இரண்டு முறை கேள்வி வருகிறது, அதே பதில்தான். சேவல் கூவுகிறது. பேதுரு வெளியே போய் மனங்கசந்து அழுகிறார்.

அந்த அழுகைக்குப் பொருள் இருக்க வேண்டுமானால், மறுதலிக்காமல் இருப்பதும் பேதுருவின் கையில் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் அப்படி இருந்திருந்தால் இயேசுவின் சொல் பொய்த்திருக்கும். இரண்டையும் விட்டுக்கொடுக்காமல் எப்படிப் பேசுவது என்பதுதான் கேள்வி. கிறிஸ்தவ மரபு இதற்குத் தந்த முக்கிய விடைகள் ஆறு. வேதபாடம் நடத்துபவரும் பிரசங்கிப்பவரும் என்றாவது ஒருநாள் இவற்றுள் ஒன்றின் பக்கம் நின்றாக வேண்டியிருக்கும். எந்த விடையும் இலவசம் இல்லை. ஒவ்வொன்றும் எங்கோ ஒரு விலை கேட்கிறது. அந்த விலை எது, எந்த இடத்தில் கொடுக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

முடிச்சு எந்தக் கண்ணியில் இருக்கிறது

நாளை மாலை நீங்கள் ஒரு பொய் சொல்லப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாதம் ஆறு கண்ணிகள் கொண்ட சங்கிலி:

1. கடவுள் எல்லாம் அறிந்தவர். ஆகவே 1000 ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பொய்யை அறிந்திருந்தார்.
2. அவர் அறிந்தது தவறாகிப் போக முடியாது.
3. 1000 ஆண்டுகளுக்கு முன் இருந்ததை இன்று யாராலும் மாற்ற முடியாது.
4. மாற்ற முடியாத ஒன்றிலிருந்து தவறாமல் பின்தொடர்வதும் மாற்ற முடியாததே.
5. ஆகவே அந்தப் பொய்யைத் தவிர்ப்பது உங்கள் கையில் இல்லை.
6. தவிர்க்க முடியாததைச் செய்தவர் சுதந்திரமாகச் செய்தவர் ஆகமாட்டார், பொறுப்பும் அவருடையதாகாது.

இந்த வடிவத்துக்கு இன்றைய கூர்மையைத் தந்தது 1965-இல் அமெரிக்கத் தத்துவவாதி நெல்சன் பைக் எழுதிய கட்டுரை. கேள்வியோ மிகப் பழையது. திருச்சபைத் தந்தை அகுஸ்தீன் 5-ஆம் நூற்றாண்டில் ரோமச் சிந்தனையாளர் சிசரோவுக்கு மறுப்பு எழுதும்போதே இதோடு மல்லாடியிருக்கிறார்.

பெரும்பாலானோர் முதலில் சொல்லும் பதில் "அறிவது வேறு, செய்யவைப்பது வேறு" என்பது. உங்கள் நினைவு கடந்துபோனதைக் கட்டாயப்படுத்துவதில்லை. அதுபோலக் கடவுளின் முன்னறிவும் வரப்போவதைக் கட்டாயப்படுத்துவதில்லை என்றார் அகுஸ்தீன். உண்மைதான். ஆனால் மேலே உள்ள ஆறு வரிகளையும் திரும்பப் படியுங்கள். கடவுளின் அறிவு பொய்யை உண்டாக்குகிறது என்று எந்த வரியும் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குத் தந்த சரியான பதில் இது. வகுப்பில் இதோடு நிறுத்திவிட்டால், கவனமாகக் கேட்ட மாணவர் மட்டும் திருப்தியில்லாமல் எழுந்து போவார்.

'கட்டாயம்' என்ற சொல்லைப் பிரித்துக் காட்டும் பதிலுக்கும் இதே கதிதான். ஒருவர் உட்கார்ந்திருப்பதை நீங்கள் பார்க்கிறீர்கள் என்றால் அவர் கட்டாயம் உட்கார்ந்துதான் இருக்கிறார். இங்கே கட்டாயம் என்பது உங்கள் பார்வைக்கும் அவர் இருப்புக்கும் நடுவிலுள்ள இணைப்பில் இருக்கிறது. அவர் எழுந்திருக்கலாம், எழுந்தால் நீங்கள் வேறொன்றைப் பார்த்திருப்பீர்கள். இந்த வேறுபாடு அவசியமானது, பல அவசர வாதங்களை உடைக்கும். ஆனால் பைக்கின் சங்கிலி தொங்குவது 3-ஆம் கண்ணியில், கடந்தகாலத்தின் இறுக்கத்தில். அதை இந்தப் பிரிப்பு தொடுவதே இல்லை.

இன்னொன்றையும் முதலிலேயே பிரித்துவிட வேண்டும். ஒரே மூச்சில் மூன்று கேள்விகள் கேட்கப்படுகின்றன. முன்னறிவும் சுதந்திரமும் முரணின்றி ஒன்றாக நிற்குமா? இன்னும் நிகழாததைக் கடவுள் எப்படி அறிகிறார்? அறிந்ததை வைத்து உலகை அவர் எப்படி நடத்துகிறார்? ஆறு விடைகளும் இந்த மூன்றுக்கும் ஒரே அளவில் பதில் சொல்வதில்லை. ஒரு விடை மூன்றாவது கேள்விக்கு மௌனமாக இருக்கிறது என்பதற்காக அது தோற்றுவிட்டது என்றாகாது. அது முதல் கேள்விக்காக எழுந்த விடையாக இருக்கலாம். இதைக் கவனிக்காமல் நடக்கும் ஒப்பீடுகள்தான் விவாதங்களை முடிவில்லாமல் இழுக்கின்றன.

காலத்துக்கு வெளியே: போயத்தியுஸ்

ஏறத்தாழ 524-இல், மரண தண்டனையை எதிர்நோக்கியிருந்த சிறைவாசத்தில் ரோமத் தத்துவவாதி போயத்தியுஸ் எழுதிய விடை இது. கடவுளுக்கு நித்தியம் என்பது முடிவில்லாத நீண்ட காலம் இல்லை. எல்லையற்ற வாழ்வை ஒருங்கே, முழுமையாகக் கொண்டிருப்பது. ஆகவே அவர் 'முன்னால்' அறிவதில்லை, காண்கிறார். அக்குவினா தோமா இதைத் தொடர்ந்து ஒரு படத்தைத் தருகிறார்: சாலையில் நடப்பவர் தமக்குப் பின்னால் வருபவரைக் காண்பதில்லை, உயரத்தில் நிற்பவர் சாலை முழுவதையும் ஒரே பார்வையில் காண்கிறார். சங்கிலியில் அறுபடுவது 1-ஆம் கண்ணி: '1000 ஆண்டுகளுக்கு முன்' என்ற சொற்களே கடவுளுக்குப் பொருந்தாது.

கத்தோலிக்க மறைக்கல்வியின் 600-ஆம் பத்தி, எல்லாக் கணங்களும் கடவுளுக்கு நேரடியாக நிகழ்காலமே என்று சொல்லும்போது இந்த மரபில்தான் நிற்கிறது. அழகான விடை, பிரார்த்தனைக்கு மிக இசைவானது. ஆனால் இரண்டு இடங்களில் கசிகிறது. நித்தியத்தில் கடவுள் அறிந்திருப்பதை மட்டும் நம்மால் மாற்ற முடியுமா? நேற்று எவ்வளவு நம் கைக்கு எட்டாததோ, நித்தியமும் அவ்வளவு எட்டாதது என்று இக்காலத் தத்துவவாதி லிண்டா ஜாக்செப்ஸ்கி சுட்டிக்காட்டியிருக்கிறார். இரண்டாவது இன்னும் கடினம். தீர்க்கதரிசனம் வாய்விட்டுச் சொல்லப்பட்ட கணத்தில், அந்த அறிவு காலத்துக்குள் இறங்கிவிடுகிறது. பேதுரு அந்த வார்த்தையைக் காதால் கேட்டார். சேவல் கூவும் நேரத்தில் அந்த வார்த்தை ஒரு கடந்தகால நிகழ்வு. மலை உச்சியில் இருப்பவர் கீழே சாலையில் நடப்பவரிடம் செய்தி அனுப்பிவிட்ட பிறகு, உயரம் மட்டும் முடிச்சை அவிழ்க்காது.

மென்மையான கடந்தகாலம்: ஒக்காமின் வில்லியம்

14-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலத் துறவி ஒக்காம் 3-ஆம் கண்ணியில் கை வைக்கிறார். கடந்தகாலத்தைப் பற்றிய எல்லாக் கூற்றும் ஒரே மாதிரி இறுகியது இல்லை. "ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் ஒரு மகளைப் பெற்றாள்" என்பது முடிந்த செய்தி. "ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவள் பிற்கால மருத்துவர் ஒருவரைப் பெற்றாள்" என்பதும் இறந்தகாலத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது உண்மையா என்பது அந்தச் சிறுமி வளர்ந்து என்ன படிக்கிறாள் என்பதில் தொங்குகிறது. சொல்லின் வடிவத்தில் கடந்தகாலம், உள்ளடக்கத்தில் வருங்காலம். "பேதுரு மறுதலிப்பார் என்று கடவுள் அறிந்திருந்தார்" என்பதும் இந்த இரண்டாம் வகை என்கிறார் ஒக்காம். பேதுரு வேறுவிதமாகச் செய்திருந்தால், கடவுள் வேறொன்றையே அறிந்திருப்பார். இதற்காக யாரும் நேற்றைத் திருத்த வேண்டியதில்லை. 1986-இல் அமெரிக்கத் தத்துவவாதி ஆல்வின் பிளான்டிங்கா இந்த வழியைப் புதுப்பித்தார்.

முதல் கேள்விக்கு எங்கள் கணிப்பில் இதுவே மிகச் சிக்கனமான விடை. கடவுளைக் காலத்துக்கு வெளியே தள்ளவும் தேவையில்லை, அறிவைக் குறைக்கவும் தேவையில்லை. விலை தீர்க்கதரிசனத்தில் வருகிறது. கடவுளின் எண்ணத்தை மென்மையானது என்று சொல்லலாம். காற்றில் ஒலித்த வாக்கியத்தை அப்படிச் சொல்வது கடினம். இத்தகைய தீர்க்கதரிசனங்களில் சொல்லப்படாத ஒரு நிபந்தனை உள்ளே இருக்கிறது என்பது ஒக்காமின் பதில். யோனா நினிவேயில் "இன்னும் 40 நாளில் கவிழ்க்கப்படும்" என்றார். ஊர் மனந்திரும்பியது, கவிழவில்லை. அங்கே இது பொருந்துகிறது. பேதுருவின் விஷயத்தில் நிபந்தனையைத் தேடினால் கிடைப்பதில்லை. அதோடு, கடவுள் இவற்றை எந்த விதத்தில் அறிகிறார் என்பதைத் தெளிவாகச் சொல்ல இவ்வாழ்வில் நம்மால் ஆகாது என்று ஒக்காமே எழுதிவிட்டார். ஆகவே இரண்டாவது, மூன்றாவது கேள்விகளை இவரிடம் கேட்கக் கூடாது.

வெறும் முன்னறிவு

சபைகளில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெயர் தெரியாமலே கைக்கொள்வது இதுதான்: கடவுள் வருங்காலத்தை அப்படியே பார்க்கிறார், அவ்வளவுதான். தமஸ்கு யோவான் 8-ஆம் நூற்றாண்டில், கடவுள் எல்லாவற்றையும் முன்னறிகிறார், ஆனால் எல்லாவற்றையும் முன்குறிப்பதில்லை என்று எழுதியது கிழக்கு மரபின் அடித்தளங்களில் ஒன்றாக நிலைத்தது.

இந்த விடை தனியாக எந்தக் கண்ணியையும் அறுப்பதில்லை. முதல் கேள்வி வந்தால் ஒக்காமிடமோ போயத்தியுஸிடமோ கடன் வாங்க வேண்டும். பெரிய குறை மூன்றாவது கேள்வியில். ஒரு பாலம் இடிந்து விபத்து நடக்கப் போவதைக் கடவுள் பார்த்துவிட்டார் என்றால், அந்த அறிவைப் பயன்படுத்தி அதைத் தடுக்க முடியாது. தடுத்தால் விபத்து நடக்காது. நடக்காததை அவர் பார்த்திருக்கவும் மாட்டார். பார்த்தது உண்மையில் நடக்கப்போவது என்றால், கடவுள் தாமே செய்யப்போகும் ஒவ்வொரு செயலும் அந்தப் பார்வைக்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கும். டேவிட் ஹன்ட் போன்றோர் இதற்கு எதிர்வாதம் தந்திருக்கிறார்கள். ஆனாலும், "கடவுள் முன்கூட்டியே பார்த்ததால்தான் உன்னை அந்த வண்டியில் ஏறவிடவில்லை" என்று சாட்சி சொல்பவர் உண்மையில் வெறும் முன்னறிவைப் பேசவில்லை. 'ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்' என்பதைக் கடவுள் அறிந்திருந்தார் என்கிறார். தம்மை அறியாமலே, அடுத்து வரவிருக்கும் மொலீனாவின் விடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆணையின் வழி: கால்வினும் பான்யெஸும்

இங்கே இரண்டாவது கேள்விக்கு நேரான பதில் இருக்கிறது. கடவுள் எப்படி அறிகிறார்? அவர் தீர்மானித்தார், அதனால் அறிகிறார். 1646-இல் கால்வினிய மரபில் உருவான வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் 3-ஆம் அதிகாரம் இதை அளந்து அளந்து சொல்கிறது: நடப்பவை எல்லாவற்றையும் கடவுள் நிர்ணயித்தார், ஆயினும் அவர் பாவத்தின் கர்த்தா இல்லை, படைப்புகளின் சித்தத்தின்மீது வன்முறை செய்யப்படுவதில்லை, இரண்டாம் நிலைக் காரணங்களின் (அதாவது படைப்புகளின் சொந்தச் செயல்பாட்டின்) சுதந்திரம் பறிக்கப்படுவதில்லை. எதிர்காலத்தில் ஒன்றைக் கண்டதனால் அவர் அதை ஆணையிடவில்லை என்றும் அடுத்த பத்தி சேர்த்துக்கொள்கிறது. கத்தோலிக்கத் தரப்பில் தொமினிக்க சபைத் துறவியான தொமிங்கோ பான்யெஸ், படைப்பின் ஒவ்வொரு செயலுக்கும் முன்னே கடவுளின் இயக்கம் உண்டு, அந்த இயக்கம் சுதந்திரமான செயலைச் சுதந்திரமானதாகவே இயக்குகிறது என்று கற்பித்தார். இரண்டும் ஒன்றில்லை, ஆனால் நம் சங்கிலியில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் நிற்கின்றன.

அந்த இடம் 5-க்கும் 6-க்கும் நடுவில். 'வேறுவிதமாகச் செய்ய முடிவது' சுதந்திரத்துக்கு அவசியம் என்பதை, குறிப்பாகச் சீர்திருத்தவாதி கால்வினைப் பின்பற்றும் கால்வினியர்கள், ஏற்பதில்லை. ஜான் லாக் தந்த பழைய உதாரணம்: ஒருவர் தூங்கும்போது அவருக்குப் பிரியமான நண்பர் இருக்கும் அறைக்குள் கொண்டுபோய் விட்டு வெளியே பூட்டிவிடுகிறார்கள். விழித்தவர் மகிழ்ச்சியோடு அங்கேயே இருந்து பேசுகிறார். வெளியேற முடியாது என்பது அவருக்குத் தெரியாது. இருப்பது அவர் விருப்பத்தினால்தான். 1969-இல் ஹாரி ஃபிராங்ஃபர்ட் இதேபோன்ற உதாரணங்களால், பொறுப்புக்கு மாற்றுவழி தேவையில்லை என்று வாதிட்டார்.

வேதவாக்கியங்களில் இந்த விடைக்கு ஆழமான வேர் உண்டு. யோசேப்பு சகோதரரிடம் சொன்னது, அப்போஸ்தலர் 2:23, 4:28 ஆகியவற்றில் ஒரே செயல் மனிதரின் தீமையாகவும் கடவுளின் தீர்மானமாகவும் நிற்கிறது. ஆனால் இந்த விடையைப் பிடித்தவர்கள் நடைமுறையில் வழுக்கும் இடம் ஒன்று உண்டு: முடிவு ஆணையிடப்பட்டது என்று சொல்லி வழிமுறையை விட்டுவிடுவது. அப்போஸ்தலர் 27-ஐ மெதுவாகப் படித்தால் இது சரியாகும். புயலில் சிக்கிய கப்பலில் 276 பேர். ஓர் உயிரும் போகாது என்று தூதன் சொன்னதைப் பவுல் எல்லாருக்கும் அறிவிக்கிறார். பிறகு மாலுமிகள் நங்கூரம் போடுவதுபோலப் பாவனை செய்து படகை இறக்கித் தப்பப் பார்க்கிறார்கள். உடனே அதே பவுல் நூற்றுக்கு அதிபதியிடம், இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்ப முடியாது என்கிறார். படைவீரர்கள் படகின் கயிறுகளை அறுத்து விடுகிறார்கள். வாக்குறுதி உறுதி, கயிற்றை அறுப்பதும் அவசியம். ஆணையின் வழியை ஏற்பவர் இந்த இரண்டாவது பாதியையும் சேர்த்தே ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் அது விதிவாதமாகச் சீரழியும்.

விலை தீமையில் இருக்கிறது. பேதுருவின் மறுதலிப்பும் ஆணைக்குள் என்றால், அந்தத் தீமை கடவுளுடையது ஆகாமல் எப்படிக் காப்பது? 'அனுமதித்தார்' என்ற சொல்லை இங்கே தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். அந்தச் சொல் சுதந்திரமான இன்னொரு கை இருப்பதாகக் கருதுகிறது; ஆணையின் வழி அந்தக் கையையும் ஆணைக்குள்ளேயே வைக்கிறது. கால்வின் இதை உணர்ந்தே வெறும் அனுமதி என்ற பேச்சை ஏற்கவில்லை. அவர் நேர்மையாக நின்ற இடத்தில் அவருடைய பெயரைச் சொல்பவர்களும் நிற்க வேண்டும்.

இடை அறிவு: மொலீனா

ஸ்பானிய இயேசு சபையினரான லூயிஸ் தெ மொலீனா 1588-இல் லிஸ்பனில் வெளியிட்ட நூல், கடவுளின் அறிவை மூன்று படிகளாகப் பிரித்தது. இவை கால வரிசை இல்லை. எது எதைச் சார்ந்தது என்ற வரிசை. முதற்படி, இயல்பறிவு: பேதுரு என்று ஒருவரைப் படைத்தால் அவரால் என்னென்ன செய்ய முடியும். கடைசிப்படி, படைக்கத் தீர்மானித்த பின் உள்ள அறிவு: இந்த உலகில் பேதுரு உண்மையில் என்ன செய்வார். இரண்டுக்கும் இடையில் மொலீனா ஒன்றை வைத்தார்: இந்த இரவில், இந்த நெருப்பின் அருகே, இந்தப் பெண் கேட்டால், பேதுரு தம் விருப்பப்படி என்ன செய்வார். இது கடவுளின் தீர்மானத்துக்கு முந்தியது. ஆனால் கடவுள் தீர்மானிப்பது இல்லை. இதை அறிந்துகொண்டு, எந்தச் சூழ்நிலைகளை உண்டாக்குவது என்று அவர் தேர்ந்தெடுக்கிறார். யாரையும் வற்புறுத்தாமலே வரலாறு முழுவதையும் நடத்திவிடலாம்.

மூன்றாவது கேள்விக்கு இவ்வளவு வளமான பதில் வேறு யாரிடமும் இல்லை. லூக்கா 22:32-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன், நீ குணப்பட்ட பின்பு உன் சகோதரரைத் திடப்படுத்து என்கிறார் இயேசு. விழுவதும் தெரிகிறது, எழுவதும் தெரிகிறது. 'குணப்பட்டால்' என்றுகூடச் சொல்லவில்லை. ஆனாலும் நடுவில் ஒரு வேண்டுதல் இருக்கிறது, அது வீண் வேலையாகவும் இல்லை. வேண்டுதல் இருந்தால் பேதுரு என்ன செய்வார், இல்லாவிட்டால் என்ன செய்வார் என்பது இரண்டும் அறியப்பட்டிருந்தால்தான் இந்த வாக்கியம் இவ்வளவு இயல்பாக விழும் என்று மொலீனியர் சொல்லலாம்.

வழக்கமாகக் காட்டப்படும் ஆதாரம் 1 சாமுவேல் 23. தாவீது கேகிலா பட்டணத்தில் இருக்கிறார். சவுல் வருவாரா என்று கேட்கிறார், வருவார். ஊரார் என்னை ஒப்புக்கொடுப்பார்களா, கொடுப்பார்கள். உடனே தாவீது ஏறக்குறைய 600 பேரோடு ஊரைவிட்டுப் போகிறார். சவுல் வரவில்லை, ஒப்புக்கொடுத்தலும் நடக்கவில்லை. நடக்காத ஒன்றைப் பற்றிய உண்மையான அறிவு அங்கே இருந்தது. ஆனால் இந்தப் பகுதி பலர் நினைப்பதைவிடக் குறைவாகவே நிரூபிக்கிறது. பான்யெஸின் சீடர்களும் கால்வினியரும்கூடக் கடவுளுக்கு இத்தகைய அறிவு உண்டு என்றே ஒப்புக்கொள்கிறார்கள். சண்டை அந்த அறிவு எந்தப் படியில் இருக்கிறது என்பதில்: தீர்மானத்துக்கு முன்பா, பின்பா. கேகிலா அதைச் சொல்வதில்லை.

இதன் விலை இரண்டு இடத்தில் இருக்கிறது. "இந்தச் சூழலில் பேதுரு இதைச் செய்வார்" என்பதை உண்மையாக்குவது எது? கடவுள் என்றால் ஆணையின் வழிக்குத் திரும்பிவிட்டோம். பேதுரு என்றால், அவர் இன்னும் படைக்கப்படவே இல்லை. அவருடைய குணம் என்றால், குணம் செயலைத் தீர்மானிக்கிறது என்று ஒப்புக்கொண்டாயிற்று. அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் ஆடம்ஸ் 1977-இல் இந்த ஆட்சேபத்தைக் கூர்மையாக்கினார். இன்றும் மொலீனியர் இதற்கு ஒருமித்த பதில் தரவில்லை. இரண்டாவது விலை மத்தேயு 11:21-இல் ஒளிந்திருக்கிறது. கோராசீனிலும் பெத்சாயிதாவிலும் செய்த அற்புதங்களைத் தீருவிலும் சீதோனிலும் செய்திருந்தால் அவர்கள் அப்போதே மனந்திரும்பியிருப்பார்கள் என்கிறார் இயேசு. மொலீனியர் மகிழ்ச்சியோடு எடுத்துக்காட்டும் வசனம். அப்படியானால் அங்கே ஏன் செய்யவில்லை என்ற கேள்வி அவர்கள் தலையில்தான் முதலில் விழுகிறது.

அடிக்கடி நிகழும் ஒரு தவறையும் சொல்ல வேண்டும். இடை அறிவு என்பது கடவுள் பேதுருவின் சுபாவத்தை நன்றாக ஊகித்தார் என்பதாகப் போதிக்கப்படுகிறது. மொலீனா சொன்னது அது இல்லை. ஊகத்துக்கு இங்கே இடமே கிடையாது. இன்னொன்று: இடை அறிவு மட்டும் சங்கிலியை அறுப்பதில்லை. மொலீனா 4-ஆம் கண்ணியைத் தனியாக மறுத்தார். இன்றைய மொலீனியர் பலர் அந்த இடத்தில் ஒக்காமைத் துணைக்கு அழைக்கிறார்கள்.

பான்யெஸ் தரப்பும் மொலீனா தரப்பும் மோதியதில் ரோமில் 1598 முதல் 1607 வரை ஓர் ஆணையம் உட்கார்ந்தது. கடைசியில் திருத்தந்தை ஐந்தாம் பவுல் இரு தரப்பும் மற்றவரைக் கண்டனம் செய்யக் கூடாது என்று முடித்து வைத்தார். ஒன்பது ஆண்டு விசாரணைக்குப் பிறகும் இரண்டும் அனுமதிக்கப்பட்டவையாக நின்றன என்பதை, ஒரே வாரத்தில் எதிர்த்தரப்பை முடித்துவிட நினைக்கும் இளம் ஊழியர்கள் நினைவில் வைப்பது நல்லது.

திறந்த வருங்காலம்

1994-இல் கிளார்க் பின்னக், ஜான் சாண்டர்ஸ் உள்ளிட்ட ஐவர் சேர்ந்து எழுதிய நூலோடு இந்த விடை சுவிசேஷ வட்டங்களில் பரவியது. சுதந்திரச் செயல்கள் இன்னும் இல்லாதவை. இல்லாததை அறியாதிருப்பது குறை இல்லை. கடவுள் எல்லாச் சாத்தியங்களையும் முழுமையாக அறிகிறார். 1-ஆம் கண்ணி இங்கே வேறு வழியில் அறுபடுகிறது. ஆபிரகாமிடம் 'இப்பொழுது அறிந்திருக்கிறேன்' என்றது, எசேக்கியாவுக்குச் சாவு அறிவித்தபின் 15 ஆண்டு கூட்டியது, இவற்றை இவர்கள் அப்படியே வாசிக்கிறார்கள். அந்த நேர்மை மதிக்கத்தக்கது. ஆனால் சேவல் கூவுமுன் மூன்று முறை என்ற கணக்கை எப்படி விளக்குவது? பேதுருவின் உள்ளத்தைக் கடவுள் முழுதும் அறிந்திருந்தார், சூழலையும் அமைத்தார் என்கிறார்கள். எண்ணிக்கை தவறாதபடி அவ்வளவு இறுக்கமாக அமைத்தால் அந்த இரவில் பேதுருவுக்கு மிஞ்சிய சுதந்திரம் எவ்வளவு? ஏசாயா 46:10-இல் ஆதிமுதல் அந்தத்தை அறிவிப்பதே விக்கிரகங்களிடமிருந்து கடவுளைப் பிரிக்கும் அடையாளமாக நிற்பதும் இவர்களுக்குப் பெரிய பாரம். அமெரிக்காவின் சுவிசேஷ இறையியல் சங்கத்தில் பின்னக், சாண்டர்ஸ் இருவரையும் நீக்க 2003-இல் வாக்கெடுப்பு நடந்தது. இருவரும் உறுப்பினராகத் தொடர்ந்தனர்.

தேர்ந்தெடுக்கும்போது

முதலில் உங்கள் வேலி எங்கே என்று பாருங்கள். கத்தோலிக்கருக்கு முதலாம் வத்திக்கான் சங்கம் 1870-இல், படைப்புகளின் சுதந்திரச் செயலால் வரப்போவதும் கடவுளின் கண்களுக்கு வெளிப்படையே என்று அறிக்கையிட்டுவிட்டது. திறந்த வருங்காலம் அவர்களுக்குத் தெரிவு இல்லை. வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கைக்குக் கையொப்பமிட்ட ஊழியர் மொலீனாவைப் போதிப்பதற்குமுன் 3-ஆம் அதிகாரத்தின் 2-ஆம் பத்தியைத் திரும்பப் படிக்க வேண்டும். அர்மீனிய மரபில் (இறையியலாளர் அர்மீனியஸைப் பின்பற்றும் மரபு, அர்மீனியா நாடு இல்லை) நிற்பவருக்கு வெறும் முன்னறிவு, இடை அறிவு இரண்டும் திறந்தே இருக்கின்றன.

வேலிக்குள் எங்கள் பரிந்துரை: முதல் கேள்விக்கு ஒக்காம், மூன்றாவது கேள்விக்கு மொலீனா. ஆடம்ஸின் ஆட்சேபத்தை அடைக்கப்படாத கடனாக ஒப்புக்கொண்டே இதைச் சொல்கிறோம். அந்தக் கடன் தாங்காது என்று நினைப்பவர், வெறும் முன்னறிவில் ஒதுங்குவதைவிட ஆணையின் வழிக்கே போய்விடுவது நேரானது. அங்கே குறைந்தபட்சம் கடவுள் எப்படி நடத்துகிறார் என்பதற்குப் பதில் இருக்கிறது. செய்யக் கூடாதது ஒன்றுதான்: இழவு வீட்டில் திறந்த வருங்காலம், பிரசங்க மேடையில் ஏசாயா 46, விவாதத்தில் போயத்தியுஸ் என்று இடத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொள்வது. இழவு வீட்டுக்கு இவற்றில் எதையும் முதல் நாளில் கொண்டுபோக வேண்டாம். லாசருவை எழுப்பப் போவது இயேசுவுக்குத் தெரியும். ஆனாலும் கல்லறைக்குப் போகும் வழியில் அழுதார்.

நீங்கள் உண்மையில் எந்த விடையில் நிற்கிறீர்கள் என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. இன்று காலை 9 மணிக்கு உங்கள் சகோதரிக்கு அறுவைச் சிகிச்சை நடந்து முடிந்தது. நல்லபடி முடிந்ததா என்ற செய்தி இன்னும் வரவில்லை. இப்போது மதியம் 1 மணி. காலையில் அது நன்றாக நடந்திருக்க வேண்டும் என்று இப்போது ஜெபிக்கலாமா?

போயத்தியுஸின் வழியில் தாராளமாக ஜெபிக்கலாம். உங்கள் ஒரு மணி ஜெபமும் ஒன்பது மணிக் கத்தியும் கடவுளுக்கு ஒரே பார்வையில் இருக்கின்றன. மொலீனாவின் வழியிலும் ஜெபிக்கலாம்: நீங்கள் மதியம் ஜெபிப்பீர்கள் என்று அறிந்தே காலையில் அவர் செயல்பட்டிருக்கலாம். ஆணையின் வழியில் அந்த ஜெபமும் வழிமுறைகளில் ஒன்றாக நிர்ணயிக்கப்பட்டிருக்கலாம், கப்பலின் கயிற்றைப் போல. ஒக்காமின் வழியில் தடை ஏதுமில்லை, ஏன் உதவுகிறது என்ற விளக்கமும் இல்லை. வெறும் முன்னறிவில் ஜெபிக்கத் தொடங்கிய உடனே பாலத்தின் கதையில் வந்த அதே வட்டம் சுற்றத் தொடங்கும். திறந்த வருங்காலத்தில், காலை 9 மணிக்கு உங்கள் மதிய ஜெபம் கடவுளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கவில்லை. நீங்கள் ஜெபிக்கக்கூடும் என்பது மட்டுமே தெரியும். ஆகவே இப்போது கேட்க வேண்டியது சகோதரி தேறுவதற்காக, காலையில் நடந்ததற்காக இல்லை.

கேள்வியைப் படித்த கணத்தில், யோசிப்பதற்கு முன், ஜெபிப்பேன் என்று தோன்றியதா, முடிந்ததற்கு எதற்கு என்று தோன்றியதா என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் சபையின் அறிக்கையைத் திறந்து அதனோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால், வாசிப்பை அந்த இடத்திலிருந்து தொடங்கலாம்.